வயலினால் உயர்ந்தது

1974 பெப்ரவரி ஏழாம் திகதி, வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, திருகோணமலைத் துறைமுகத்தின் கடல் ஹெக்டருக்காக மூன்று அங்குலம் உயர்ந்தபோது அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். கடல்மட்டம் அளக்கும் கருவிக்குப் பக்கத்தில், கதிரையில், எழுதுவினைஞர் ஸைனுலாப்தீன். கட்டியிருந்த தோணிக்குள் படகோட்டி யோகலிங்கம். ஜெட்டியின் கடைசிப் படியில், தண்ணீரில் கால் வைத்தபடி, ஹெக்டரின் மனைவி மக்டலின். ஹெக்டர் இல்லை. அவர் இறந்து நாற்பது நாளாகியிருந்தது.

ஹெக்டர் கடலாராய்ச்சியாளர், 1951இல் அந்தக் கருவியைப் பூட்டியவரும் அவரே. தாய்வழியில் பறங்கியர் என்பதால் வயலினும் கூட வந்தது. கலியாண வீடுகளில் அவர் கபறிஞ்ஞா வாசித்தால் முழங்கால் வருத்தக்காரரும் எழும்பி ஆடுவார்கள். வியாழக்கிழமைகளில் வேலை முடிந்து நாலு மணிக்கு ஜெட்டியில் வாசிப்பார். கடல் மூன்று அங்குலம் எழும்பிக் கேட்கும். வில்லை இறக்கினால் தானும் இறங்கும். இதில் அவருக்குப் பெருமை வரவில்லை, பதிவு பிழையாகிவிடுமே என்ற கவலைதான் வந்தது. ஆகவே பதிவேட்டில் 'காற்றால் உயர்ந்தது', 'வளியமுக்கத்தால் உயர்ந்தது' என்ற நிரல்களுக்கு அடுத்து 'வயலினால் உயர்ந்தது' என்று ஒன்றைக் கீறி, வாராவாரம் அந்த மூன்று அங்குலத்தைக் கழித்து எழுதினார். கொழும்புத் தலைமைக் கந்தோர் இருபத்திரண்டு ஆண்டுகள் அதை மறுக்கவில்லை.

அன்று முதல், அவர் இல்லாமலே, கடல் வியாழன் தவறவில்லை. "உயிரோட இருக்கேக்க ஒரு கலியாண வீட்டுக்கும் மனிசன் நேரத்துக்கு வந்ததில்லை. இப்ப பாருங்கோ, நாலெண்டா நாலு!" என்றான் யோகலிங்கம். மக்டலின் சிரித்தாள். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் ஒரு வியாழனும் ஜெட்டிக்கு வந்ததில்லை. குசினியில் எப்போதும் ஏதோ வேலை இருந்தது. இப்போது வேலை ஒன்றும் இல்லை. தண்ணீர் கணுக்கால்வரை ஏறி, ஒரு பாட்டளவு நின்று, இறங்கும்வரை அசையாமல் இருப்பாள்.

மார்ச்சில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. வாசித்தவர் இறந்திருக்க வயலினால் கடல் உயர முடியாது, கருவி பழுது, ஒரு மாதத்துக்குள் காரணம் காட்டாவிட்டால் கருவி கழற்றப்படும், 1951 முதலான பதிவுகள் முழுவதும் தள்ளப்படும்.

ஸைனுலாப்தீன் ஒவ்வொன்றாகச் சோதித்தார். முதல் வியாழன் வயலினை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள்; கடல் உயர்ந்தது. அடுத்த வியாழன் தோணியை அப்புறப்படுத்தினார்கள், உயர்ந்தது. பிறகு அவர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, வாற கிழமை நீங்கள் வராம ஒருக்காப் பாப்பமா?" என்றார்.

"ஏன் ஸைனுலாப்தீன் நானா, நானென்ன மெசினுக்குள்ள கையையா விட்டனான்?"

என்றாலும் வீட்டில் நின்றாள். அன்று கருவியின் பேனை அலுங்காமல் கோடு கீறியது. அதே நாலு மணிக்கு, மக்டலின் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த கொல்லைக் கிணறு மூன்று அங்குலம் உயர்ந்தது. வாளிக்கயிறு அவள் கைக்குள் கபறிஞ்ஞாவின் தாளத்துக்குத் துடித்தது. 1981இல் மகள் கனடாவுக்குக் கூப்பிட்டபோது அவள் போகாததற்குக் காரணம் அந்தக் கிணறுதான்.

மறுநாள் காலை கந்தோருக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். ஸைனுலாப்தீன் பதிவேட்டை இழுத்து விரித்தார்.

"அப்ப, நீங்கள் இனி இஞ்ச வராட்டித்தான் பதிவு தள்ளுப்படாமத் தப்பும், தங்கச்சி."

மக்டலின் யன்னலால் கடைசிப் படியைப் பார்த்தாள். அங்கே அவள் இருந்தது எல்லாமாகப் பத்து வியாழன் வராது.

"அந்த மனிசன் காய்ச்சலோடயும் வந்து எழுதின கொப்பி. தள்ள விட ஏலாது. எழுதுங்கோ நானா."

"கிணத்தையும் எழுதட்டா?"

"வேண்டாம். கிணறு கந்தோருக்குச் சொந்தமில்லை."

அவர் எழுதினார்: கருவி பழுதில்லை. முந்தைய பதிவுகள் யாவும் சரி. 'வயலினால் உயர்ந்தது' என்ற நிரல் நேற்றிலிருந்து தேவைப்படாது. மக்டலின் இருமுறை வாசித்தாள். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்துத் தானே ஒட்டி, விரலால் அழுத்திக்கொடுத்தாள். யோகலிங்கம் கொண்டுபோனான், பன்னிரண்டு மணித் தபாலில் கடிதம் போயிற்று.