ஏழாம் கூட்டுக் குஞ்சு

ஹோய்ஹோ என்றால் மாவோரி மொழியில் கத்துபவன் என்று பொருள். பேர்தான் அப்படி. இந்த மஞ்சள் கண் பென்குயினைப் போலக் கூச்சக்காரப் பிராணி கேட்லின்ஸ் கடற்கரை முழுக்கத் தேடினாலும் கிடையாது. பக்கத்துக் கூடு கண்ணில் பட்டாலே அதற்கு ஆகாது. ஆளுக்கொரு தனிப் புதர் வேண்டும்.

ரிப்பேகா பதினோரு வருடமாக அந்தக் கூடுகளைக் கவனித்து வருபவள். இந்தக் கோடையில் ஏழாம் கூட்டுக் குஞ்சு அவள் தூக்கத்தைக் கெடுத்தது. கடலுக்குப் போன தாய் திரும்பவே இல்லை. தகப்பன் தனியாக இரை கொண்டுவந்து ஊட்டியது. திங்கட்கிழமையிலிருந்து அதற்கும் என்ன வந்ததோ, குஞ்சைப் பைக்குள் போட்டுத் தராசில் தொங்கவிட்டால் முள் நாளுக்கு நாள் இறங்கியது. இன்னும் இரண்டு நாள் போனால் குஞ்சு பிழைக்காது.

தனியாக இரை தேடும்போது ஒரு நாள் எடை குறைவது சகஜம்தான். ஆனாலும் முதல் நாள் லேசாகக் குறைந்ததுமே, தகப்பன் எங்கேதான் போகிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது அவளுக்கு. பிளாஸ்கில் தேநீரும் சீஸ் ரோலுமாகத் தினமும் மாலையில் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். இருட்டும்வரை ஒன்றும் கரையேறவில்லை.

வியாழக்கிழமை, மேட்டில் ஆடு வளர்க்கும் ஆலிஸ்டர் வேலியோரம் வண்டியை நிறுத்தினான்.

"என்ன ரிப்பேகா, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

"அந்த மனுஷன் புள்ளைய மறந்துட்டான்டா. கரைக்கே வரல."

"யாரு சொன்னா? மேட்டுலேர்ந்து நான் தெனம் பாக்கறேனே. அலையில வர்றான், தலையைத் தூக்கிப் பாக்கறான், திரும்பிப் போயிடறான்."

"எதைப் பாத்துட்டு?"

"பாறைக்குப் பின்னால ஆரஞ்சு கோட்டு போட்டுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்து தின்னுக்கிட்டிருக்கா. பாறை அவ இடுப்பு உசரம்கூட இல்ல."

ரிப்பேகா குனிந்து தன் ஆரஞ்சு கோட்டைப் பார்த்தாள்.

"சாயங்காலம் யாரும் கரைக்கு வராதீங்கன்னு போர்டு நட்டது யாரு? போன வாரம் டூரிஸ்டுங்கள வெரட்டுனது யாரு?"

"போதும்டா, குத்தாதே."

அந்தப் போர்டு மற்றவர்களுக்கு எழுதியது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

அன்று மாலை வீட்டிலேயே கிடந்தாள். வந்திருக்குமா, ஏறியிருக்குமா என்று கால் கடலுக்கு இழுத்தது. கதவு வரை போய்ப் போய்த் திரும்பினாள். பார்க்காமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை குஞ்சைத் தூக்கினாள். வயிறு கெட்டியாக, உருண்டையாக இருந்தது. பயந்துபோன குஞ்சு வாயைத் திறந்து, பாதி செரித்த மீனை அவள் கழுத்திலிருந்து இடுப்பு வரை கக்கி வைத்தது. அழுகல் மீன் நாற்றம். ரிப்பேகா துடைக்கவில்லை. புதருக்குள் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.