ஞானசிங் சாரைக் கீழே இறக்குவது எப்படி

1.

இந்தக் கதை ஒரு மிரட்டலில் தொடங்கியது என்று எழுதினால் விறுவிறுப்பாக இருக்கும். உண்மையில் பால் விடாத ஒரு கட்டன்சாயாவில்தான் தொடங்கியது. வடசேரிச் சந்தைக்குச் சேனைக்கிழங்கு வாங்கப் போன என்னை ஃபாஸிலா பிடித்துக்கொண்டாள். கோட்டாறுக்காரி. டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரி. அவர்களுக்கு மாவட்டத்தில் சில குடோன்கள் உண்டு. அங்கே வேலை செய்கிறவர்கள் விழாமல், நசுங்காமல் வீடு போய்ச் சேருகிறார்களா என்று பார்ப்பது அவள் வேலை.

"அக்கா, பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு மலர் போடுகோம். நீங்க ஒரு கட்டுரை தரணும். பொருட்களைக் கையாளும் இயந்திரங்களும் பாதுகாப்பும். அதாக்கும் தலைப்பு."

"எனக்கு ஸ்கூட்டரே ஒழுங்கா ஓட்டத் தெரியாது பிள்ளே."

"அப்போ கதையா எழுதுங்க. ஆனா ஒருத்தரும் சாவக்கூடாது. எல்லாரும் ஹெல்மெட் போட்டிருக்கணும்."

யாரும் சாகாமல், எல்லாரும் ஹெல்மெட்டோடு இருக்கும் கதையை யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன். அப்போதுதான் அவள், கொட்டாரம் போகும் சாலையில் இருக்கும் குடோனில் நடந்ததைச் சொன்னாள். சாயா ஆறிப் போயிற்று. சேனைக்கிழங்கை மறந்துவிட்டேன். பிறகு நானே போய்ச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டேன்.

ஆக, இது அவள் கேட்ட கட்டுரைதான். நடுவில் ஒரு காதல் வந்து புகுந்துகொண்டது.

2.

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டை நீங்களும் கொஞ்சம் பார்க்கலாம்.

'அந்த ஃபோர்க்லிஃப்ட் ஒரு யானையைப் போலத் தன்—' (வேண்டாம். அதற்குத் தும்பிக்கை கிடையாது.)

'ஞானசெல்விக்கு இரும்பின் மொழி தெரியும்—' (தெரியாது. அவளுக்குத் தெரிந்தது தமிழும், கொஞ்சம் மலையாளமும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவும்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்த வண்டிதான் ஃபோர்க்லிஃப்ட். பேலட் என்கிற மரத்தட்டில் பெட்டிகளை அடுக்கி வைத்தால், கைகளை அதன் அடியில் கொடுத்துத் தூக்கி, இரண்டு மாடி உயர ரேக்கில் கொண்டு வைக்கும். ஞானசெல்வி அதை ஓட்டுகிறவள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் பழகி, அங்கிருந்த வெயிலும் ஹாஸ்டல் சாம்பாரும் சலித்துப்போய், ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தவள். சுபாவமாகவே அதிகம் பேச மாட்டாள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் "தள்ளுங்க, தள்ளுங்க" என்று குடோன் முழுக்கக் கேட்கும்.

குடோன் மேலாளர் ஞானசிங். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. சர்ச் பாடகர் குழுவில் கனத்த குரல்காரர். நல்ல மனிதர். (இதை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும்.) அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மேல் தட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டி வேண்டுமென்றால், வெறும் பேலட்டில் ஏறி நின்றுகொண்டு, "தூக்கு மக்கா" என்பார். வண்டி அவரைத் தூக்கும். சப்பரத்தில் புனிதர் போவதுபோல நிமிர்ந்து நின்றபடி மேலே போவார். பெட்டியோடு இறங்குவார். பல வருடமாக ஒன்றும் ஆனதில்லை.

ஃபாஸிலா அதைத் தடைசெய்து சுவரில் படம் ஒட்டியிருந்தாள். அந்தப் படத்தைக் கோணலில்லாமல் ஒட்டுவதற்கு, ஞானசிங்கே பேலட்டில் ஏறி நின்று உதவினார்.

3.

எபிசனைக் கதையில் சேர்க்கலாமா என்று நெடுநேரம் தயங்கினேன். ஞானசிங்கின் மகன் அவன். எலக்ட்ரீஷியன். குடோனில் விளக்கு மாற்ற வந்தவன், விளக்கு எரிந்த பிறகும் அடிக்கடி வந்துகொண்டிருந்தான். ஞானசெல்வியும் அவனும் விரும்புவது குடோனில் எல்லாருக்கும் தெரியும். அவனுடைய அப்பாவுக்கு மட்டும் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா சந்தோஷமாக இருக்கும் சமயம் பார்த்துச் சொல்லிவிடுவது என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள்.

அவனை நீக்கிவிட்டு எழுதிப் பார்த்தேன். அது ஃபாஸிலாவின் சுவர்ப்படம் மாதிரியே இருந்தது. அதனால் அவன் இருக்கட்டும்.

4.

ஞாயிறுக்கு முந்தின வெள்ளி. ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் வேனோடு வந்து நின்றார். அவர் கேட்ட கம்மோடு மேல் தட்டில், உள்ளே தள்ளி இருந்தது. அவருக்கு அவசரம். ஞானசிங் வழக்கம்போல வெறும் பேலட்டில் ஏறி நின்றார்.

"தூக்கு மக்கா."

ஞானசெல்வி சாவியைத் திருகி வண்டியை அணைத்தாள்.

"சார், இறங்குங்க. முன்னால இருக்கிற பேலட்டை மாத்தி வச்சிட்டு, அதை முழுசா கீழ எடுத்துத் தாறேன். கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்."

"ஒரு பெட்டிக்கு எதுக்கு பிள்ளே இவ்வளவு பாடு? நான் இன்னைக்கு நேத்தா ஏறுகேன்?"

"ஆளைத் தூக்க மாட்டேன் சார்."

"நான் சொல்லுகேன், தூக்கு."

"மாட்டேன் சார்."

ஒப்பந்தக்காரர் சிரித்துவிட்டார். அதுதான் வினையாயிற்று. ஞானசிங்கின் முகம் சிவந்தது. "ஏட்டி, வண்டி உனக்க வீட்டு வண்டியா?" என்றார். அவர் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. ஞானசெல்வி சாவியோடு இறங்கிப் போய் ஓரமாக நின்றாள்.

(அவள் அப்போது என்ன நினைத்தாள் என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை போச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.)

ஞானசிங் இன்னொரு வண்டி ஓட்டும் சுனிலைக் கூப்பிட்டார். சுனில் ஒரு தடவை ஞானசெல்வியைப் பார்த்தான், ஒரு தடவை மேலாளரைப் பார்த்தான். பிறகு தன் வண்டியைக் கொண்டுவந்து அவரைத் தூக்கினான்.

5.

(இந்தப் பகுதியை எழுதும்போது ஃபாஸிலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கோரிக்கைப்படி: அனைவரும் ஹெல்மெட் அணிந்திருந்தார்கள். என் மனசாட்சிப்படி: சுனிலும் ஞானசெல்வியும் மட்டும்.)

மேலே போனதும் ஞானசிங் ஒரு காலை ரேக்கிலும் ஒரு காலை பேலட்டிலும் வைத்து, கம்மோடு பெட்டியைப் பிடித்து இழுத்தார். அது கனம். அவர் ரேக்கில் சாய்ந்து பலம் கொடுக்க, பின்னால் ஊன்றிய கால் பேலட்டைப் பக்கவாட்டில் தள்ளிற்று. வண்டியின் இரும்புக் கைகளில் எதுவும் அதைப் பிடித்து வைத்திருக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் விளிம்பில் ஒரு கணம் நின்று, பின்பக்கமாகச் சரிந்து விழுந்தது.

சுனிலின் தலைக்குமேல் இருந்த வண்டியின் கம்பிக்கூரையில் அடித்துத் தரையில் சிதறியது. அந்தக் கூரைதான் அவனைக் காப்பாற்றியது. ஞானசிங் முன்பக்கமாக, ரேக்குக்கு உள்ளே, பெட்டிகளின் மேல் குப்புற விழுந்திருந்தார். அவர் வெளிப்பக்கமாக விழுந்திருந்தால்—

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

தூசி அடங்கியபோது அவர் மேலே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் ரேக்கின் கம்பியைக் கட்டிப் பிடித்திருந்தார். கம்மோடு படம் போட்ட பெட்டி அது. அந்த நிலையிலும் யாருக்கோ சிரிப்பு வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

சுனில் வண்டியை விட்டு இறங்கினான். தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். குடோனில் இருந்த அலுமினிய ஏணி பாதி உயரம்கூட எட்டாது. "இன்னொரு பேலட்டைத் தூக்கிக் குடு, ஏறி வந்துருகேன்" என்று ஞானசிங் மேலிருந்து சொன்னார். குரல் மட்டும் பழைய குரலாக இல்லை.

"அசையாம இருங்க சார்" என்றாள் ஞானசெல்வி. ரேக்குக்குக் கீழே நின்றவர்களையெல்லாம் விலக்கினாள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். கயிறு திரிக்கும் தென்னந்தும்பு ஆலை ஒன்றில் தீ, வண்டி அங்கே போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். அடுத்து எபிசனுக்குப் போன் செய்தாள். குடோனுக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு சர்ச்சின் உயரமான உள்கூரையில் விளக்கு மாட்டும் வேலையை அவன் எடுத்திருந்தான். அதற்காகத் தூக்குமேடை வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தான். கத்தரிக்கோல் மாதிரி விரிந்து உயரும் மேடை, சுற்றிலும் கைப்பிடிக் கம்பி, ஆளைத் தூக்குவதற்கென்றே செய்தது.

"சர்ச்சில இருந்து அதைக் கொண்டு வாறியா? ரெண்டு பாதுகாப்பு பெல்ட்டும் எடுத்துக்கோ. அப்பா மேல இருக்காரு."

"எங்க மேல?"

அந்தக் கேள்வியில் அவன் குரல் உடைந்ததை அவளால் மறக்க முடியவில்லை என்றாள்.

6.

அந்த வண்டி சாலையில் ஓட்டுவதற்கான வண்டி இல்லை. நடப்பதைவிட மெதுவாகத்தான் போகும். லாரி தேட நேரமில்லை என்று எபிசன் அதை அப்படியே சாலையில் இறக்கிவிட்டான். விசையைத் தள்ளிக்கொண்டு அவன் மேடையில் நிற்க, பின்னால் ஒரு அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்து வர, "தம்பி, இது எந்த ஊருக்கு டிரிப்?" என்று நடத்துநர் எட்டிக் கேட்க, விஷயம் தெரிந்ததும் அவரே இறங்கி முன்னால் போய் ஆட்களை விலக்கிவிட்டாராம். (சாலையில் இதை ஓட்டியது தவறு என்று ஃபாஸிலா இங்கே குறிப்பிடச் சொல்கிறாள். குறிப்பிட்டுவிட்டேன்.)

குடோனில் வேறொரு கவலை. ஞானசிங்குக்குச் சர்க்கரை நோய் உண்டு. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவருக்கு வியர்த்தது. தலை லேசாகத் தொங்கியது.

"சார், பேசிட்டே இருங்க."

"என்னத்தைப் பேச?"

"என்னவும். வீட்டு விசயம் பேசுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். மனைவிக்கு முட்டுவலி. வீட்டுக் கிணற்றில் மோட்டார் ரிப்பேர். பிறகு, "எபிசனுக்குப் பொண்ணு பாக்கணும். அவன் எந்நேரமும் போன்ல ஒருத்திகிட்ட பேசுகான். யாருலேன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கான்" என்றார்.

குடோனில் இருந்த எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"நான்தான் சார்" என்றாள் ஞானசெல்வி.

மேலே சத்தமே இல்லை. அவர் மயங்கிவிட்டாரோ என்று அவள் பதறினாள்.

"சார், பேசுங்க."

"இனி நான் என்ன பேச?" என்றார் ஞானசிங். கொஞ்சம் கழித்து, "நான் எறங்க முடியாத நேரம் பாத்துச் சொல்லுகியே பிள்ளே."

"நீங்க பேசாம இருந்தா மயங்கிருவீங்கன்னு பயமாட்டு இருந்து சார். வேற ஒண்ணும் வாயில வரல்ல."

அவர் கண்ணைத் திறந்து முதல்முறையாகக் கீழே பார்த்தார். அதற்குப் பிறகு தலை தொங்கவில்லை. அதிர்ச்சி சர்க்கரைக்கு நல்லது என்று நான் எழுதினால் மருத்துவர்கள் சண்டைக்கு வருவார்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

7.

மேடை வண்டி வந்தது. எபிசன் பெல்ட்டுகளை எடுத்துக்கொண்டு ஏறப் போனான்.

"அப்பாவைக் கண்டா நீ பதறிருவே. நான் போறேன்" என்றாள் அவள்.

ஒரு பெல்ட்டைத் தான் கட்டிக்கொண்டாள். இன்னொன்றைக் கையில் எடுத்தாள். மேடையிலேயே இருந்த விசையைத் தள்ளி மெல்ல மேலே போனாள். ரேக்கை ஒட்டி நிறுத்தி, அவர் இருந்த இடத்திலேயே முதலில் பெல்ட்டை மாட்டி, அதன் கொக்கியை மேடைக் கம்பியில் போட்டு இழுத்துப் பார்த்த பிறகுதான், "இப்போ வாங்க" என்றாள். அவர் தவழ்ந்து மேடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கத் தூசி.

இறங்கி வரும்போது ஞானசிங் அவளிடம் ஏதோ சொன்னார். கீழே நின்ற எல்லாரும் அவர் உதடு அசைவதைப் பார்த்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்குத் தெரியும். தரைக்கு வந்ததும் அவருக்குச் சர்க்கரை கூடப் போட்டுச் சாயா கொடுத்தார்கள். எபிசன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஞானசிங் நேராக முதலாளிக்குப் போன் போட்டு, "தப்பு என்னுடையது, சுனில் நான் சொன்னதைச் செஞ்சான்" என்றார். சுனிலின் வேலை போகவில்லை. ஞானசிங்குக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆளைத் தூக்குவதற்கான முறையான மேடை ஒன்று குடோனுக்கு வாங்கப்பட்டது. அந்த ஒப்பந்தக்காரர் கடைசிவரை நின்று, கம்மோடு வேண்டும் என்றே கேட்டார். ஞானசெல்வி முன்பேலட்டை மாற்றிவைத்து, முழுப் பேலட்டாக இறக்கிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம்தான் ஆயிற்று.

தெரியாதது அந்த ஒரு வாக்கியம் மட்டும்.

எபிசன் சொல்வது: "எங்க அப்பா சரின்னுதான் சொல்லியிருப்பாரு." அவன் அப்படித்தான் சொல்வான்.

சுனில் சொல்வது: "அவளைத் திட்டியிருப்பாரு. அந்த வாய் எனக்குத் தெரியும்."

ஃபாஸிலா எழுதச் சொல்வது: "'இனி ஒருபோதும் பேலட்டில் ஏற மாட்டேன்' என்றார் ஞானசிங் கண்ணீருடன்." (எழுதினேன். அடித்துவிட்டேன்.)

ஞானசிங்கிடம் கேட்டேன். "அந்த உயரத்தில என்ன சொன்னேன்னு யாருக்கு ஓர்மை இருக்கு" என்று ரேக்கைப் பார்த்தார். ஓர்மை இருப்பது தெரிந்தது. ஞானசெல்வியிடம் கேட்டேன். "அது எங்கிட்ட சொன்னது அக்கா. உங்க மலர்ல போட எதுக்கு?" என்றாள். நியாயம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று என்பதும் அந்த வாக்கியத்தோடு சேர்ந்ததுதான் என்பதால் அதையும் கேட்கவில்லை.

8.

எனவே இதை நான் முடிக்கப் போவதில்லை. உங்களிடம் தருகிறேன்.

நீங்கள் ஞானசிங். கொஞ்ச நேரம் முன்பு நாலு பேர் முன்னால் அவளை 'ஏட்டி' என்று அதட்டினீர்கள். அவள் மாட்டிய பெல்ட் உங்கள் நெஞ்சை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கீழே உங்கள் மகன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் அவள், கண்ணை விசையிலிருந்து எடுக்காமல், உங்கள் முகத்தைப் பார்க்காமல், உங்களை இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

வண்டி மெதுவாகத்தான் இறங்கும். யோசித்துச் சொல்லுங்கள்.