காலைப் பார்த்துச் சேர்த்த சல்சா

“அதான்க்கா சொல்றேன். அந்தப் பாட்டுக்கு அவங்க கால் ஆடவே இல்ல. பாதியில எழுந்து போய்ட்டாங்க. அப்போ அது மட்டமான பாட்டுதானே? அழிச்சிட்டேன்.”

கலையரசன் இப்படிச் சொன்னதும் கஸ்தூரி அக்கா டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது அக்காவின் காபிக் கடை. அங்கே தோசை போடுவதும் கலையரசன்தான், பாட்டுப் போடுவதும் அவன்தான். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் போன சல்சா என்ற லத்தீன் அமெரிக்க ஆட்டப் பாட்டு அவனைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து, நல்ல சல்சாவாகத் தேடித் தனக்கென்று ஒரு சேகரிப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்று வெறியாக அலைந்தான். நெட்டில் தேடினால் மூட்டை மூட்டையாகக் கொட்டியது. அதில் எது நல்லது, எது சல்சாவே இல்லை என்று கேட்க ஊரில் ஆளில்லை.

அப்போதுதான் கொலம்பியாவிலிருந்து லூசியா வந்தாள். அவனைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருக்கலாம். எங்கள் ஊரில் பஸ்ஸில்கூட சல்சாதான் ஓடும், நாளைக்கு உட்கார்ந்து உன் பாட்டையெல்லாம் கேட்கிறேன் என்றாள். மறுநாள் வந்தபோது அவள் கழுத்தில் ‘மௌனம்’ என்று எழுதிய அட்டை தொங்கியது. இந்தப் பக்கம் தங்குகிறவர்கள் இப்படி விரதம் இருப்பது வழக்கம்தான். ஊருக்குக் கிளம்பும்வரை பேச மாட்டாள், எழுதவும் மாட்டாள்.

“உன் வாய்க்குப் பயந்துதான்டா மௌனத்துல உக்காந்துட்டாங்க,” என்றார் அக்கா.

கலையரசன் விடவில்லை. அவள் காபி குடிக்கும் நேரம் பார்த்து ஒவ்வொரு பாட்டாகப் போட்டான். மேசைக்குக் கீழே கால் தாளம் போட்டால் பாட்டைச் சேமிப்பான். போடாவிட்டால் அழிப்பான். அந்த மெதுவான பாட்டும் அப்படித்தான் போனது.

“அவங்க கண்ணத் தொடச்சிக்கினே போனாங்கடா,” என்றார் அக்கா இப்போது. “நீ காலையே பாத்துக்கினு இருந்தா மூஞ்சி எப்டித் தெரியும்?”

அவன் உடனே போனை எடுத்துத் தேடினான். பாட்டின் பெயர் ஸ்பானிஷில் இருந்ததால் மனதில் நிற்கவில்லை. எங்கிருந்து எடுத்தான் என்பதும் மறந்துவிட்டது. அதே மாதிரி இன்னும் எத்தனை நல்ல பாட்டைத் தூக்கி எறிந்தானோ. அவளோ மறுநாள் காலையில் கிளம்புகிறாள்.

காலையில் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்த லூசியா, ஸ்பீக்கரைக் காட்டினாள். அவன் வேகமான ஒன்றைப் போட்டான். தலையசைத்து வேண்டாமென்றாள். நெஞ்சில் கை வைத்து, காற்றில் மெதுவாக ஒரு கோடு இழுத்தாள். எந்தப் பாட்டைக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அழித்துவிட்டேன், பெயரும் தெரியாது, மன்னித்துவிடுங்கள் என்றான்.

லூசியா சத்தமில்லாமல் சிரித்தாள். குனிந்து அட்டையைப் பார்த்தாள். அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, அவன் போனை வாங்கி விறுவிறுவென்று டைப் செய்தாள்.

அதே மெதுவான பாட்டு வந்தது. கஸ்தூரி அக்காவின் ஸ்பூன் ஒன்றை எடுத்து மேசையில் மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, இரண்டு தட்டு என்று தட்டினாள். பிறகு ஸ்பூனை அவனிடம் கொடுத்தாள். முதலில் தடுமாறினான். மெல்ல மெல்லப் பிடிபட்டதும், பியானோ, டிரம்பெட், பாடுகிறவரின் குரல் எல்லாமே அந்தத் தட்டின்மேல்தான் நடக்கிறது என்று தெரிந்தது. அவள் கால் இப்போதும் ஆடவில்லை. உதடு மட்டும் வரிகளோடு அசைந்துகொண்டிருந்தது.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். லூசியா அட்டையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு கை கூப்பினாள். தனக்காக ஒருத்தி விரதத்தையே கொஞ்சம் வளைத்திருக்கிறாளே என்று அவன் நினைத்துக்கொண்டான். கையிலிருந்த ஸ்பூனை மேசையில் வைத்தான். அவனும் கை கூப்பினான். அவ்வளவுதான்.

இப்போது எறிந்த பாட்டையெல்லாம் தேடித் தேடி, ஸ்பூனும் கையுமாக மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறான். சேகரிப்பு வளர்கிறது. ஒன்றில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை. கடைக்கு வருகிற எல்லாரையும் பிடித்துக் கேட்கிறான், உங்களையும் கேட்கச் சொன்னான்: “மொதப் பாட்டா கால ஆட வைக்கிறத வைக்கலாமா, இல்ல அவங்கள எழுந்து போக வெச்சுதே, அத வைக்கலாமா? நீங்க இன்னா சொல்றீங்க?”