ழ மட்டும்

தம்பி செத்து ஒன்பது வருடமாகிறது. போன செவ்வாய்க்கிழமை பல் டாக்டரின் அறைக் கதவில், ‘சத்தம் போடாதீர்கள்’ என்று எழுதியிருந்தான். பல்வலியே மறந்துபோனது எனக்கு. கடைசி மூன்று வாரம் தொண்டையில் குழாயோடு கிடந்து, ஒரு சத்தமும் போட முடியாமல் போனவன் அவன்.

பயந்துவிடாதீர்கள், இது பேய்க்கதை இல்லை. நான் கணினிக்கு எழுத்துரு செய்கிறவன். செய்தது நாலு. மூன்றை நாய்கூடச் சீண்டவில்லை. நாலாவது சக்கைப்போடு போடுகிறது. மாத்திரை அட்டையில், பேருந்தின் முதுகில், ‘வீடு வாடகைக்கு’ என்று தொங்கும் தகரத்தில், எங்கே திரும்பினாலும் அதுதான். “அசல் கையெழுத்து மாதிரியே இருக்கு சார்” என்பார்கள். மாதிரி என்ன, அசல் கையெழுத்தேதான். தம்பியுடையது.

ஆஸ்பத்திரியில் அவன் எண்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதித்தான் அம்மாவோடு பேசினான். ‘தண்ணி.’ ‘ஜன்னலைத் திற.’ ‘வலி இல்ல.’ அந்த மூன்று வாரமும் நான் ஒரு போட்டிக்காக என் மூன்றாவது எழுத்துருவை இழைத்துக்கொண்டிருந்தேன். ஜெயித்துவிட்டு அவன் முன்னால் போய் நிற்கலாம் என்று நினைப்பு. போட்டியிலும் ஜெயிக்கவில்லை, அவன் முன்னால் போயும் நிற்கவில்லை. ‘அண்ணன் எங்க?’ என்று அந்த நோட்டில் பதினான்கு இடத்தில் இருக்கிறது. என் எழுத்துருவின் ‘ண’ அவ்வளவு அம்சமாக அமைந்ததற்கு அதுதான் காரணம். பொறுக்கி எடுக்க நிறைய இருந்தது.

அவன் போனபிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அவன் சாமான்களை வாங்கி வந்தவன் நான்தான். நோட்டை மட்டும் அம்மாவிடம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தொலைத்துவிட்டார்கள் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவளும் நம்பினாள் என்றுதான் நினைத்தேன். அது என் மேசை இழுப்பறையில், பழைய கேபிள்களுக்கு அடியில் இருந்தது. ஒருநாள்கூட அதை மறந்து நான் அந்த மேசையில் உட்கார்ந்ததில்லை.

இந்த நிலையில்தான் விருது வந்தது. எழுத்து வடிவமைப்பாளர்கள் சங்கத்தின் விருது. இருபது வருடமாக நான் ஏங்கிய ஒரே சமாசாரம். கூடவே ஒரு படிவம்: ‘இதிலுள்ள 247 எழுத்துகளும் என் சொந்தக் கைவண்ணம் என உறுதியளிக்கிறேன்.’ கீழே கையெழுத்து. சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை சங்கத்துச் செயலாளர் கூப்பிட்டார்.

“சார், நடுவர்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். எழுத்துல லேசா ஒரு நடுக்கம் இருக்கு பாருங்க, உயிரோட்டம்னா அதுதான்ங்கறாங்க. ஒரே ஒரு சின்னக் குறை.”

“சொல்லுங்க.”

“ழ மட்டும் ஒட்டாம நிக்குது சார். வேற யாரோ போட்ட மாதிரி. அதை மட்டும் சரி பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா...”

சிரித்துவிட்டேன். அவர் பாவம், ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தார்.

விஷயம் இதுதான். தம்பிக்கு ழ வராது. மழையை மளை என்பான், கிழமையைக் கிளமை என்பான். பேசுகிறபடியே எழுதவும் எழுதுவான். சின்ன வயதில் அவனைக் கேலி செய்வதற்கென்றே, “வெளியில என்னடா பெய்யுது?” என்று கேட்பேன். “தண்ணி” என்பான், விவரமாக. ஆக, நோட்டு முழுக்கத் தேடியும் ஒரு ழ கிடைக்கவில்லை. இல்லாத மற்ற எழுத்துகளை, இருந்தவற்றின் கொம்பையும் சுழியையும் ஒட்டுப்போட்டுத் தேற்றிவிட்டேன். ழவை எதிலிருந்தும் தேற்ற முடியவில்லை. நானே போட்டேன். நடுவர்கள் மெச்சிய நடுக்கம் சாகக் கிடந்தவனின் விரலுடையது. குறை சொன்ன எழுத்து ஒன்றுதான் என்னுடையது.

சரி, கையெழுத்தைப் போட்டுத் தொலைப்போம் என்று பேனா தேடினேன். வேண்டும்போது என்றைக்குப் பேனா கிடைத்திருக்கிறது? அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அவள் அறைக்குள் போய்க் கட்டிலுக்கடியில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ஊசி நூலோடு பேனாவும் கிடக்கும் என்று எண்ணம்.

டப்பா நிறையக் காகிதத் துண்டுகள். ரசீது, நோட்டீஸ், மருந்து அட்டை, எல்லாவற்றிலிருந்தும் கத்தரித்தவை. எல்லாம் என் எழுத்துரு. அடியில் ஒரு அட்டை. அதில் எழுத்தெழுத்தாக வெட்டி, பசை தடவி, கோணல்மாணலாக ஒட்டியிருந்தாள்: ‘அளாதேம்மா.’

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அது என்னிடம் மட்டும் பத்திரமாக இருப்பதாக ஒன்பது வருடம் நினைத்திருந்தேன். அவன் அதை எழுதிக் காட்டியதே அவளுக்குத்தான் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

தலையில் துண்டோடு அம்மா வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

“எப்பத்துலேருந்தும்மா தெரியும்?”

“மாத்திரை அட்டையில மொதத் தடவை பார்த்தப்பவே. பெத்தவளுக்குத் தெரியாதாடா?”

“ஏன் கேக்கல?”

“நீயா குடுப்பேன்னு இருந்தேன்.”

டப்பாவின் ஓரத்தில் தனியாக ஒரு தபால் உறை இருந்தது. பேச்சை மாற்றலாம் என்று அதைத் திறந்தேன். உள்ளே எல்லாமே ழ. ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்’ என்பதிலிருந்து ஒன்று, ‘வழி’யிலிருந்து ஒன்று, ‘கீழே’யிலிருந்து ஒன்று. நகம் அளவுத் துண்டுகள், ஓரம் பிசகாமல் வெட்டியவை.

“இது என்ன?”

“அவன் என்னைக்கு ழ போட்டான்? அதெல்லாம் நீ. அவனோடதுல கலந்துடக் கூடாதுன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்.”

ஊர் முழுக்க யாருக்கும் ஒட்டாத எழுத்தை, கண்ணில் புரை விழுந்தவள் உட்கார்ந்து வெட்டிச் சேர்த்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இருபது வருடம் எதற்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தேன் என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது.

பேனாவை அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். படிவத்தில் ‘247 எழுத்துகளும்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘ழ மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விருது கைவிட்டுப் போகும் என்று தெரியும். வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். அப்புறம் இழுப்பறையிலிருந்து நோட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தைத் திறந்து விரல் வைத்து வாசித்தாள்.

“அண்ணன் எங்க?”

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்துக் குனிந்தாள்.

“வந்துட்டான்டா” என்றாள்.