ஒன்பதாம் எண் பேருந்தின் முன்பாதி

சாவ் எலோய் நகரத்துக்குள் நுழைகிற இடத்தில் ஓர் இரும்பு வளைவு நிற்கிறது. உருக்காலை ஓடிய காலத்தில் ஆலைக்காரர்களே செய்து கொடுத்தது. ஆலை மூடிய பிறகு அந்த வளைவு வழியாக உள்ளே வருகிறவர்களைவிட வெளியே போகிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் மேயர் வால்தெசீருக்கு அதில் வண்ண விளக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அடுத்த ஆண்டு தேர்தல். விளக்குக்குப் பணம் எங்கே இருக்கிறது என்று துழாவியபோது, ஒன்பதாம் எண் பேருந்துக்கு நகராட்சி கொடுத்து வந்த மானியம் கையில் தட்டுப்பட்டது.

துழாவிக் கொடுத்தவள் ஜோசியானி. குடிநீர்ப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவளை மேயர்தான் போக்குவரத்துச் செயலாளராகத் தூக்கி உட்கார வைத்திருந்தார். அவளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஊரில் ஓடுகிற ஒவ்வொரு பேருந்திலும் நடுவில் ஒரு சுழல்கம்பி உண்டு. காசு கொடுத்தவர் அதைத் தள்ளிச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவார். கம்பி எத்தனை முறை சுற்றியது என்பதை அதில் உள்ள பொறி எண்ணிக்கொள்ளும். மாதா மாதம் அந்தக் கணக்கு அலுவலகத்துக்கு வரும். ஒன்பதாம் எண்ணின் கம்பி ஏறக்குறைய சுற்றவே இல்லை. ஆளில்லாத வண்டிக்கு எதற்கு மானியம்? தடத்தை நிறுத்திவிடலாம் என்று அறிக்கை எழுதினாள். வியாழக்கிழமை நகர மன்றத்தில் பொதுமக்கள் முன்னிலையில் அதை அவளே வாசிக்க வேண்டும். அதன் பிறகு வாக்கெடுப்பு.

ஒரே ஒரு சங்கடம். ஒன்பதாம் எண் போய் நிற்கிற குன்றின் உச்சியில், வீலா ஆல்ட்டாவில், அவள் அம்மா சுல்மீரா இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஜோசியானி காரில் மேலே போனாள். அம்மா மகளை மகளாக நடத்தவில்லை.

“செயலாளர் அம்மாவுக்குப் பயறு போதுமா, இன்னொரு கரண்டி ஊத்தட்டுமா?”

“அம்மா, போதும்மா இந்த நக்கல்.”

“நக்கலா? பெரிய மனுஷங்க வீடு தேடி வந்திருக்காங்க. நல்ல தட்டு வேற உடைஞ்சு போச்சு, மன்னிச்சுக்கணும்.”

“என் வீட்டுக்கு வந்துடுன்னு எத்தனை தடவை சொல்றேன்? கடைத்தெரு பக்கம், ஆஸ்பத்திரி பக்கம். இந்த மேட்டுல தனியா என்ன வச்சிருக்கே?”

“உன் வீட்டு அடுப்படியில நான் திரும்பணும்னா முதல்ல வெளியில வந்துதான் திரும்பணும். உங்கப்பா கட்டின வீடு இது. இங்கேயிருந்து நான் நகர மாட்டேன். எனக்கு வேண்டியது பஸ். அதை நீ பிடுங்காம இருந்தா போதும்.”

“யாரு ஏறுறாங்க அந்த பஸ்ல? வண்டி காலியா ஓடுதும்மா.”

“காலியா? கால் வைக்க இடமில்லாம நின்னுக்கிட்டு வர்றேன்டி நான்!”

“பொறி எண்ணுது. பொறிக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

சுல்மீரா கரண்டியைப் பானைக்குள் போட்டாள். “அப்போ நான்தான் பொய் சொல்றேனா? சரி. கடைசியா நீ எப்போ அந்த பஸ்ல ஏறினே, சொல்லு.”

ஜோசியானி கார் வாங்கிய பிறகு ஏறியதில்லை. ஆனால் அறிக்கையின் அடியில், தடத்தில் நேரில் பயணம் செய்து பார்வையிட்டேன் என்று ஒரு வரி இருந்தது. எல்லா அறிக்கைகளிலும் அந்த வரி இருக்கும். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களும் ஏறாமலே அதன் கீழ் கையெழுத்துப் போட்டவர்கள்தான். அம்மாவின் வீட்டிலிருந்து இறங்கி வரும்போது அந்த ஒரு வரியே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை மதியம் அவள் காரை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு, சுகாதார நிலையத்து நிறுத்தத்தில் போய் நின்றாள். ஒன்பதாம் எண் குன்றிலிருந்து முனகிக்கொண்டே இறங்கி வந்தது. முன்கதவு திறந்ததும் உள்ளேயிருந்து வாசனைத் தைலமும் காலணி மெருகும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடித்தது. படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். எல்லாரும் தலை நரைத்தவர்கள்.

“கொஞ்சம் ஒதுங்குங்க தாத்தா, அந்தம்மா காசு கொடுக்கிற கட்சி போல” என்று ஓட்டுநர் ஜெனில்சன் குரல் கொடுத்தான்.

“ஒதுங்குறதுக்கு மூச்சைத்தான் உள்ள இழுக்கணும்!”

“இழுங்க, இழுங்க. தொப்பையும் சேர்ந்து உள்ள போகும்.”

ஜோசியானி ஓட்டுநரிடம் காசு கொடுத்துவிட்டு, தொப்பிகளுக்கும் கைப்பைகளுக்கும் நடுவே நெளிந்து போனாள். சுழல்கம்பியை இடுப்பால் தள்ளினாள். கட்டுக் என்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் யாருமே இல்லை.

இருக்கை இருக்கையாக, கடைசிக் கண்ணாடி வரைக்கும் காலியாகக் கிடந்தது. செவிலியர் படிப்புச் சீருடையில் ஒரு பெண் மட்டும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜோசியானி ஓர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் முதுகுகளாலும் பிடரிகளாலும் ஒரு சுவர் எழும்பியிருந்தது. அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு நாடு முழுக்கப் பேருந்தில் காசு கிடையாது. ஓட்டுநரிடம் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு முன்கதவில் ஏறுவார்கள், முன்கதவிலேயே இறங்குவார்கள். கம்பியை அவர்கள் தொடுவதே இல்லை. தொடாதவரைப் பொறி எண்ணாது.

இது ஜோசியானிக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவள் அதைக் கணக்கோடு சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நடத்துனர் என்று ஓர் ஆள் இருந்தவரைக்கும் இலவசப் பயணிகளையும் அவர் விரல்விட்டு எண்ணி எழுதினார். செலவைக் குறைக்கிறோம் என்று நடத்துனர்களை வீட்டுக்கு அனுப்பிய ஆண்டில், ஒன்பதாம் எண்ணின் கணக்கும் பொத்தென்று விழுந்தது. அலுவலகத்தில் அதைப் பார்த்து யாரும் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. ஆலை போய்விட்டது, பிள்ளைகள் வேலை தேடிப் பெலோ ஒரிசோன்ச்சி பெருநகரத்துக்குப் போய்விட்டார்கள், பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. சாவ் எலோயில் ஒரு கணக்கு கீழே இறங்கினால் ஏன் என்று கேட்கிற வழக்கம் விட்டுப்போய் வெகுநாள் ஆகிறது.

அப்போதுதான் ஜோசியானி அந்தச் சுவரில் ஒரு சிவப்பு ரவிக்கையைக் கண்டாள். அம்மாவுடையது. அப்பா இறந்த பிறகு பெட்டியை விட்டு வெளியே வராத ரவிக்கை. பேருந்து சாலைத் திருப்பத்தில் சாய்ந்தபோது, பக்கத்தில் நின்ற உயரமான ஒரு கிழவர் தன் கையை நீட்டி, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அம்மா அந்தக் கையில் சாய்ந்து, அவர் சொன்ன எதற்கோ தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள். உதட்டில் சாயம்.

“அம்மா!”

முன்பாதி முழுவதும் திரும்பியது.

“யாருடி அது, ராணி மாதிரி தனியா உட்கார்ந்திருக்கிறது?” என்றாள் சுல்மீரா. “வந்துட்டியா? வா வா. எவ்வளவு காலியா இருக்கு பாரு!”

“எங்கேம்மா போறே?”

“சங்கத்துக்கு. டான்ஸுக்கு. புதன்கிழமை மதியானம் உலோகத் தொழிலாளர் சங்கத்து மண்டபத்துல டான்ஸ் நடக்கிறது ஊருக்கே தெரியும். மத்த நாள்ல டாக்டர், பேங்க், மார்க்கெட். எல்லாம் இந்த பஸ்தான்.”

“பின்னாடி இவ்வளவு இடம் கிடக்குதே, ஏன் எல்லாரும் முன்னாடியே நசுங்கிக்கிட்டு வர்றீங்க?”

பேருந்துக்குள் ஒரு சிரிப்பலை ஓடியது. கம்பிக்குப் பக்கத்தில் முட்டி தேய நின்ற ஒரு பாட்டி சொன்னாள். “நாங்க சுத்தினா ஒவ்வொரு சுத்துக்கும் காசு எங்கேன்னு பஸ் முதலாளி கேப்பான் மகளே. இந்தப் பையன் சம்பளத்துல பிடிச்சுடுவான். இவனுக்கு ரெண்டு குழந்தை.”

“மூணு” என்றான் ஜெனில்சன், கண்ணாடியைப் பார்த்தபடி.

“அடப்பாவி, எப்போடா?”

“போன மாசம். நீங்க நசுங்கி நின்ன புண்ணியம்.”

சிரிப்பு அடங்கட்டும் என்று ஜோசியானி காத்திருந்தாள். பிறகு எழுந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அது ஒரு பக்கமாகத்தான் சுற்றும். திரும்பி முன்னால் போக முடியாது. இடுப்பளவு இரும்புக்கு இருபுறமும் தாயும் மகளும் நின்றார்கள்.

“இவர் யாரும்மா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அன்செல்மு. ஆலையில கிரேன் ஓட்டினவரு. ஆலை வாசலுக்கு எதிர்த்த தெருவுலதான் வீடு. இன்னைக்கு ரத்தம் சோதிக்கிற நாள், சுகாதார நிலையத்துல ஏறிக்கிட்டாரு.”

கிழவர் தொப்பியை எடுத்தார். “வணக்கம் செயலாளர் அம்மா. உங்களைப் பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கேன். பாதி நல்லதுதான்.”

“எத்தனை நாளா…?”

“ரெண்டு வருஷத்து கார்னிவல் போயாச்சு” என்றாள் சுல்மீரா. “அவரு நெஞ்சுல ஆலைப்புகை. குன்று ஏற டாக்டர் விடல. நான் வீட்டை விட்டு இறங்கி வர மாட்டேன். அதனால பஸ்தான் எங்களுக்குக் கல்யாண மண்டபம். இப்போ புரியுதா, நான் ஏன் கரண்டியைப் போட்டேன்னு?”

“இதை ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேட்டியா? நீ இந்தக் கம்பியைத்தானே கேட்டே. அது தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுச்சு.”

சங்கத்து நிறுத்தம் வந்தது. முன்கதவு வழியாக முன்பாதி முழுவதும் இறங்கி முடிய வெகுநேரம் ஆயிற்று. அன்செல்மு முதலில் இறங்கி, திரும்பிக் கையை நீட்டினார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு இளம்பெண் மாதிரி குதிக்கவில்லை. ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்கினாள். அவர் அவசரப்படவில்லை. ஜோசியானி பின்கதவில் இறங்க மறந்து, அடுத்த நிறுத்தம் வரை போய்விட்டு நடந்து திரும்பினாள்.

வியாழக்கிழமை நகர மன்றத்தின் படிக்கட்டில் மேயர் அவளை நிறுத்தினார். முந்தின நாள் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. சிறிய ஊர்.

“ஜோசி, இன்னைக்குப் பெருசா எதுவும் பேசாதே. இருக்கிறதை வாசி, உட்காரு. அம்மாவுக்கு வேணும்னா நகராட்சி கார் அனுப்பலாம். நான் பார்த்துக்கறேன்.”

“அம்மாவுக்கு மட்டுமா?”

“வேற யாரு இருக்கா?”

அவர் அதைக் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். போன வாரமாக இருந்தால் அவளும் அதையேதான் கேட்டிருப்பாள். அது நினைவுக்கு வந்ததால் அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் பேசுவது சுலபமாக இருந்திருக்கும்.

மண்டபத்தில் பார்வையாளர் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஒன்பதாம் எண்ணின் முன்பாதி அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. ஜோசியானி அறிக்கையைக் கையில் எடுத்தாள். தடத்தின் பெயரையும் கம்பி சுற்றிய கணக்கையும் வாசித்தாள். பிறகு தாளை மேஜைமேல் வைத்தாள்.

“இந்தக் கணக்கு தப்பு. காசு கொடுத்தவங்களை மட்டும்தான் இது எண்ணியிருக்கு. ஓசியில வர்றவங்களை எண்ணுறதுக்கு நடத்துனர் போனதுலேர்ந்து ஆளே இல்லை. இதை நாங்க யாரும் கவனிக்கலை. நான் கவனிச்சிருக்கணும்.”

மன்றத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். “நேர்ல போய்ப் பார்த்ததா கீழே கையெழுத்து இருக்கேம்மா?”

“ஆமாங்க. அதுவும் தப்பு. அப்போ நான் போகலை. நேத்துதான் போனேன்.”

பெஞ்சில் யாரோ, “கம்பி ஒரு சுத்து சுத்துச்சு, நாங்க சாட்சி!” என்றார்கள். தலைவர் மேஜையைத் தட்டினார். மேயர் தன் கைப்பேசியில் மும்முரமாக எதையோ தேடினார்.

அன்று வாக்கெடுப்பு நடக்கவில்லை. நகராட்சி ஓர் ஆளை அனுப்பி முன்பாதியையும் எண்ணி வரட்டும் என்று தீர்மானம் ஆயிற்று. எண்ணினார்கள். எண்ணிக்கை வந்த பிறகு ஒன்பதாம் எண்ணை நிறுத்துகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அந்த முன்பாதி மொத்தமும் வாக்காளர்கள் என்பது மேயருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. இரும்பு வளைவு இருட்டிலேயே நின்றது.

ஜோசியானியின் பதவி போயிற்று. அவளே கேட்டுக்கொண்டதன் பேரில் விடுவிக்கப்பட்டாள் என்று நகராட்சி அறிவிப்பில் போட்டிருந்தார்கள். அவள் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. குடிநீர்ப் பிரிவில் பழைய மேஜை காலியாகத்தான் இருந்தது. இழுப்பறையில் அவள் விட்டுப்போன கத்தரிக்கோல்கூட அப்படியே கிடந்தது. குமாஸ்தா சம்பளத்தில் காருக்குத் தவணை கட்ட முடியாது என்று தெரிந்ததும் விற்றுவிட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒன்பதாம் எண்ணில் ஏறினாள். பேருந்து மேலே போகிற நேரம் என்பதால் கூட்டம் சற்றுக் குறைவு. முன்வரிசையில் அம்மாவும் அன்செல்முவும் உட்கார்ந்திருந்தார்கள். தேவாலயத்தில் பூசை முடிந்து திரும்புகிறார்கள். குன்றை நடந்து ஏறத்தான் டாக்டர் தடை; பேருந்தில் ஏறிப் போனால் அவருக்கு ஆட்சேபம் இல்லை என்பதை இரண்டு கார்னிவலுக்குப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். இன்று மதியச் சாப்பாடு அன்செல்முவுக்கும் மேலேதான்.

ஜோசியானி காசு கொடுத்து, கம்பியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள். இந்த முறை அங்கே அவள் மட்டும்.

“பசிக்குதாடி?” என்று அம்மா முன்னாலிருந்து கேட்டாள்.

“வீட்டுக்குப் போய் சாப்பிட்டுக்கறேன்மா.”

அன்செல்மு மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். அதில் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருண்டை ரொட்டிகள் இருந்தன. மெதுவாக எழுந்து, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையைச் சுழல்கம்பிக்கு மேலாக நீட்டினார்.

“பிடி மகளே, ஆறிடும். இந்த வண்டியில காசு கொடுக்கிற ஒரே ஆளு நீ. உன்னைப் பட்டினி போட்டா எங்க பொழப்பு என்னாகும்?”

அவள் எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். சூடு இன்னும் இருந்தது.