கூட்டாமல் குறைக்காமல்

நீதிமன்றக் கூண்டுக்குள் நின்ற பெண் கம்பியைப் பிடிக்கப் போய், பிடிக்க முடியாமல் கையை இழுத்துக்கொண்டபோதுதான் பாலேஸ்வரி அந்த விரல்களைப் பார்த்தாள். மூன்றில் நகம் இல்லை. யுத்தம் தொடங்கிப் பதினான்காவது வருடம். நகரில் குண்டு வெடித்து மூன்று கிழமை ஆகியிருந்தது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்த ஆறாயியை, குண்டு வைத்ததாகத் தேடப்பட்ட மேல்மாடி வாடகைக்காரர்கள் தப்பிவிட்டதால், பொலிசார் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. சிங்களத்தில் தட்டச்சு செய்த நான்கு பக்க வாக்குமூலத்தில் அவளுடைய கையெழுத்து கோணலாகக் கிடந்தது. அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

பாலேஸ்வரி அந்த நீதிமன்றத்தில் பதினொரு வருடமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அன்று காலை விறாந்தையில் சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் அவளை மறித்து மரியாதையாகத்தான் பேசினார். இந்தப் பெட்டைகள் நிறையக் கதை சொல்லும், நோனா, நீங்கள் சுருக்கமாகச் சொன்னால் நீதவானுக்கும் நேரம் மிச்சம் என்றார். பிறகு, இன்னும் வெள்ளவத்தையில் அதே ஒழுங்கையில்தானா இருக்கிறீர்கள், தமிழாக்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவெல்லாம் சரிதானே என்று கேட்டுச் சிரித்தார்.

சுருக்கிச் சொல்வது அவளுக்குப் புதிதல்ல. போன வருடம் ஒரு பையன் தன்னைத் தலைகீழாகக் கட்டி அடித்ததாகச் சொன்னபோது, உடம்பு சரியில்லை என்று மட்டும் சிங்களத்தில் சொல்லியிருந்தாள். அவனைத் திரும்பவும் பொலிசிடமே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவனுடைய பெயர் எந்த வழக்குப் பட்டியலிலும் வரவில்லை. அவனுடைய தாய் மட்டும் நான்கு மாதம் நீதிமன்ற வாசலில் வந்து நின்றாள்.

சட்டத்தரணி ஜவாஹிறா எழுந்து, தன் கட்சிக்காரி ஏதோ சொல்ல விரும்புகிறாள் என்றார். நீதவான் தலையசைத்தார். ஆறாயி அவரைப் பார்க்கவில்லை. பாலேஸ்வரியைத்தான் பார்த்தாள்.

"நா சொல்றத அப்புடியே சொல்லுங்கம்மா. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

மொழிபெயர்ப்பவர் 'அவள்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றே சொல்லவேண்டும் என்பது விதி. பெட்ரோல் ஊற்றிய பொலித்தீன் பையைத் தலையில் மாட்டிக் கழுத்தில் இறுக்கினார்கள் என்றாள் ஆறாயி. என் தலையில் மாட்டினார்கள் என்று பாலேஸ்வரி சிங்களத்தில் சொன்னாள். குறட்டால் நகத்தைப் பிடுங்கினார்கள். மேசையில் படுக்கவைத்து உள்ளங்காலில் குழாயால் அடித்தார்கள். மயங்கியதும் தண்ணீர் ஊற்றி எழுப்பினார்கள். அதற்கு மேல் அவர்கள் செய்ததை ஆறாயி தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, ஒரே மூச்சில் சொன்னாள். ஐம்பத்திரண்டு வயதுப் பாலேஸ்வரி, எழுதுவினைஞர்களும் பொலிசாரும் நிறைந்த அந்த மண்டபத்தில், அதையும் 'என்னை' என்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சப் இன்ஸ்பெக்டர் கதவோரம் நின்று அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதவான் ஆறாயியைப் பொலிசிடம் திருப்பிக் கொடுக்காமல் விளக்கமறியல் சிறையில் வைக்கவும், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டவும் கட்டளையிட்டார்.

அன்று மாலை ஐந்தரைக்கு வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கி, கடலோர ரயில் பாதை வழியே ஒழுங்கைக்குத் திரும்பும்போது, ஹெல்மெட் போட்ட இருவர் அவளை வழிமறித்தார்கள். ஒருவன் பெயரைக் கேட்டான். அவள் சொல்லி முடிக்கவில்லை. முதல் அடி வாயில் விழுந்தது. இரும்புக் கம்பி. எலும்பு உடைந்த சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. விழுந்தவளின் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் திருப்பி, இன்னொரு தரம் அதே இடத்தில் அடித்தான். சல்லிக்கற்களில் இரத்தத்தோடு பல் கிடந்தது. வேலைவிட்டு வந்த சனம் ஒதுங்கி நின்றது. மீன் விற்கும் சிங்களப் பெண் ஒருத்திதான் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, போனவர்களைத் தூஷணத்தால் ஏசினாள்.

தாடையைக் கம்பியால் கட்டினார்கள். ஆறு கிழமை குழாயால் கஞ்சி. ஜவாஹிறா ஆஸ்பத்திரிக்கு வந்து, சட்ட வைத்திய அதிகாரி ஆறாயியின் உடம்பில் இருபத்தாறு காயம் எழுதியிருக்கிறார், வாக்குமூலம் நிற்காது போலிருக்கிறது என்றார். பாலேஸ்வரியின் கணவர் சண்முகலிங்கம் அதைக் கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். ஜவாஹிறா போன பிறகு அவர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"பென்சனை எடுத்துக்கொண்டு வீட்டில இரும், பாலேஸ். அடுத்த முறை தலையில அடிப்பாங்கள்."

அவள் கொப்பித் தாளை எடுத்தாள். பயமாத்தான் இருக்கு என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே, நான் போகாட்டி அந்தப் பிள்ளைக்கு ஆர் கதைக்கிறது என்று எழுதினாள். அவர் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். தாடைக் கம்பியைக் கழற்றிய பிறகு வந்த வழக்குத் தினத்தன்று காலை ஓட்டோ பிடித்து வந்து, அவளோடு தானும் ஏறிக்கொண்டார்.

அவளைப் பார்த்ததும் நீதவான், வேறு மொழிபெயர்ப்பாளரை அழைக்கவா என்று கேட்டார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். தாடை இன்னும் அரைவாசிதான் திறந்தது. வார்த்தைகள் பல் இல்லாத இடத்தால் காற்றாகப் போயின. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. கதவோரத்தில் சப் இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பாலேஸ்வரி பேசப் படும் பாட்டை ஆறாயி கவனித்துவிட்டாள். அதன் பிறகு வேகமாகச் சொல்லவில்லை. ஒரு வசனம் சொல்லிவிட்டு நிறுத்தினாள். பாலேஸ்வரி உதட்டோரம் வழிந்த எச்சிலைக் கைலேஞ்சியால் ஒற்றிக்கொண்டு அதைச் சிங்களத்தில் முடிக்கும்வரை, நகம் பாதி முளைத்த விரல்களால் கம்பியைப் பிடித்தபடி, அவளுடைய வாயைப் பார்த்துக் காத்துக்கொண்டு நின்றாள்.