மாமன்மார் வரிசை

ஆனையூரில் கிரிதரன் வைத்திருந்த ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் கடைக்குள் தும்மினால், தும்மல் எதிர்ச்சுவரில் மோதித் தும்மியவர் மூஞ்சிக்கே திரும்பி வரும். அம்புட்டு விசாலம். அதற்குள் உட்கார்ந்துகொண்டு அவன் மதுரை ஜில்லா முழுவதையும் ஏளனம் செய்துகொண்டிருந்தான். நரைத்த மீசைக்குக் கறுப்பு ஏற்றச் சொல்கிறவர், தூங்கி எழுந்த முகத்துக்குக் கூலிங்கிளாஸ் மாட்டச் சொல்கிறவர், தலைவரின் தோளில் தன் கையைப் போட்டு ஒட்டச் சொல்கிறவர் எல்லாருமே மூளையை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு பஸ் ஏறி வந்தவர்கள் என்பது அவன் முடிவு. அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்று நாக்கு அரித்தால், மனைவி தேவிகாவிடம் சௌராஷ்டிர பாஷையில் சொல்வான். ஏதோ கலர் விஷயம் பேசுகிறார்கள் என்று நினைத்து வாடிக்கையாளரும் கூடவே தலையாட்டுவார்.

அது 2008. கரண்டு எப்போது வரும் என்று ஜோசியரைக் கேட்டால்கூட ஜாதகத்தை மூடிவிட்டுக் கையை விரித்த காலம். அதனால்தான் கிரிதரன் செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கியிருந்தான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்கே போய், யார் முகம் எங்கே என்று முடிவுசெய்து வருவான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குத் தன் கையாலேயே சந்தனம் சாத்தினான். மூடி, விளிம்பு, அடிப்பாகம், பக்கவாட்டில் சல்லடைபோல இருந்த ஓட்டைகள் என்று ஓரிடம் விடவில்லை. ஒரு பொட்டு போதும் என்று தேவிகா சொல்லிப் பார்த்தாள். தொழில் தெய்வத்திடமா கஞ்சத்தனம் என்று அவளையும் ஏளனப் பட்டியலில் சேர்த்துவிட்டு, மிச்சச் சந்தனத்தையும் வழித்து அப்பினான். மேலே ஒட்டியிருந்ததை மறுநாள் துணியால் துடைத்தான். அன்றிலிருந்து லேப்டாப்பைத் திறந்தாலே கடை முழுக்க கோயில் வாசம். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். கிரிதரன் பூரித்துப் போனான்.

அன்றிலிருந்துதான் லேப்டாப் நொண்டவும் ஆரம்பித்தது. ஒரு முகத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் மூக்குவரை வந்திருக்கும். மீசையும் தெரிய வேண்டுமென்றால் இன்னொரு டீ. பிறகு நடுவில் அணைந்துபோகவும் பழகிக்கொண்டது.

இந்த லட்சணத்தில்தான் வெள்ளைத்துரை வீட்டு பேனர் அதற்குள் மாட்டிக்கொண்டது. வெள்ளைத்துரை திருமங்கலத்துக்காரர். மகள் காவ்யஸ்ரீக்குக் காதணி விழா. நடுவில் விரிந்த தாமரை, தாமரையில் பிள்ளை, சுற்றிலும் சொந்தக்காரர்கள். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளைத்துரையின் மனைவி சின்னத்தாய்க்கு அண்ணன் தம்பிகள் ஒரு பஸ்ஸை நிரப்புகிற அளவுக்கு இருந்தார்கள். ஒருவர் மீசைக்கு இன்னொருவர் மீசை இளைத்ததில்லை.

மூத்தவர் மருது வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பிள்ளைக்கு வலப்பக்கம் தன் முகம் வராவிட்டால் மடி கிடையாது. தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்துவது எப்படி? அடுத்தவர் மலையாண்டி, இடப்பக்கம் சம்மதம், ஆனால் தலை அண்ணன் தலையைவிடச் சிறுத்துவிடக் கூடாது என்றார். ஐப்பசி முழுவதும் பஞ்சாயத்து. கடைசியில் சேலை நூல் ஒன்றை உருவி, திரையில் தெரிந்த ஒவ்வொரு தலையையும் நெற்றியிலிருந்து தாடைவரை அளந்து, சரி என்று சபையில் ஒப்புக்கொண்டார்கள். நூல் பிடித்த நேரம் முழுக்க கிரிதரன் சிரிப்பை அடக்கி அடக்கி, வயிற்றுவலி மாத்திரை போட்டுக்கொண்டான் என்று தேவிகா பின்னால் சொல்வாள்.

விழாவுக்கு முந்தின நாள் காலை அந்த ஃபைலைத் திறந்தான். பாதி மருது வந்தார். லேப்டாப் அணைந்தது. ஆறவிட்டுத் திறந்தான். முழு மருது வந்தார். மறுபடி அணைந்தது. கிரிதரனின் சிரிப்பும் அத்தோடு அணைந்தது. வேறு பிரதி எங்கும் இல்லை. முதலிலிருந்து செய்யலாமென்றால் மறுபடி நூல், மறுபடி பஞ்சாயத்து. விடிந்தால் விழா. மருது மடி தரமாட்டார், விழா நிற்கும். அதன் பிறகு கிரிதரன் திருமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏற முடியாது.

தெருக்கோடியில் 'ஹார்டுவேர் இன்ஜினியர்' என்று போர்டு மாட்டியிருந்த பீமாராவ் வந்தான். அவன் பெயருக்கு முன்னால் இருந்த பட்டங்களின் நீளத்துக்கு அவன் படித்த நாட்கள் வராது. லேப்டாப்பைத் தட்டினான், மோந்து பார்த்தான், கண்ணை மூடினான்.

"வைரஸுண்ணே. ஃபார்மட் அடிச்சுருவோம்."

"அடிச்சா உள்ள இருக்கற மாமன்மாரு?"

"அவங்களும் போயிருவாங்க. சுத்தமா இருக்கும்ணே."

அவனை அப்படியே ஃபார்மட் அடித்துவிடலாமா என்று பார்த்தான் கிரிதரன். அதற்குள் வெள்ளைத்துரையின் போன். மருது மச்சான் காலையிலிருந்து பேனர் பேனர் என்று அரிப்பதாகச் சொன்னார். மீசைக்குக் கலர் ஏற்றிக்கொண்டிருப்பதாக கிரிதரன் கூசாமல் சொன்னான். மருதுவுக்குக் கொஞ்சம் கூடவே ஏற்றச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

லேப்டாப்பின் அடியைத் தொட்ட தேவிகா கையை உதறினாள். "இதுல தோசை வாத்துரலாம். எண்ணெய்தான் இல்ல," என்றாள்.

சூடுதான் கோளாறு என்று கிரிதரனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜிகர்தண்டா கடையிலிருந்து ஐஸ்கட்டியை வாங்கி வந்து தாம்பாளத்தில் பரப்பினான். அதன்மேல், தோற்றுப்போன வேட்பாளர் ஒருவர் வாங்காமல் விட்டுப்போன பேனரை மடித்துப் போட்டான். அவருடைய கும்பிட்ட கைகளின்மேல் லேப்டாப்பை உட்கார்த்தினான். பீமாராவ் அட்டையால் விசிறினான். ஜுரத்தில் கிடக்கிற கலெக்டருக்குக்கூட இத்தனை பணிவிடை நடந்திருக்காது.

ஃபைல் திறந்தது. முழுசாகக் காப்பி எடுத்தால் தாங்காது என்று துண்டு துண்டாக வெட்டிப் பென்டிரைவில் ஏற்றினான். முதலில் மருது. அடுத்து மலையாண்டி. பிறகு அவர் தம்பிமார், பெரியப்பாமார், அவர்களுடைய சம்பந்திமார் என்று யார் யார் சண்டைக்கு வருவார்களோ அந்தக் கிரமத்தில் மீட்டான். கடைசியில் தாமரை. இதழ் இதழாக ஏறி முடிந்ததும் லேப்டாப் ஒரு பெருமூச்சு விட்டு இருண்டது. பிறகு ஐஸுக்கும் அசையவில்லை.

பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டே டவுனில் இருந்த பிரிண்டிங் கடைக்கு ஓடினான் கிரிதரன். அங்கிருந்த கம்ப்யூட்டரில் துண்டுகளைச் சேர்த்தான். சந்தேகத்துக்கு, யாரைப் பார்த்துச் சிரித்தானோ அவர்களைப் போலவே நூல் பிடித்து ஒவ்வொரு தலையையும் அளந்தான். மருது தலை, மலையாண்டி தலை, இம்மி பிசகவில்லை. அச்சடித்து, சாயங்காலமே திருமங்கலம் வேனில் ஏற்றிவிட்டான்.

திரும்பி வந்தபோது பீமாராவ் லேப்டாப்பைக் கழற்றிப் போட்டிருந்தான். உள்ளே காற்றாடி இருக்க வேண்டிய இடத்தில் வெந்து இறுகிய சந்தனம், அச்சில் வார்த்த அதிரசம் மாதிரி உட்கார்ந்திருந்தது. தேவிகா புருவத்தை உயர்த்தினாள். கிரிதரன் குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"வைரஸு சந்தன ரூபத்துலயும் வரும்ணே," என்று பீமாராவ் சமாதானம் சொன்னான். பல் துலக்குகிற பிரஷால் அவன் சுரண்டிச் சுத்தம் செய்து மூட்டியதும், லேப்டாப் புதுமாப்பிள்ளை மாதிரி துள்ளி எழுந்தது.

மறுநாள் திருமங்கலம் மண்டபத்து வாசலில் பேனர் பனைமர உயரத்துக்கு நின்றது. கொட்டுமேளத்தோடு சீர் தூக்கி வந்த மருது, தட்டு இறங்குமுன் அண்ணாந்து பார்த்தார். கண்ணாலேயே நூல் போட்டார். மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். மலையாண்டி பார்த்தார், திருப்தி. ஒவ்வொருவராக வந்து தன் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் கீழே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். கிரிதரன் தன் வெற்றியை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடுவுக்கு வந்தான்.

தாமரை இருந்தது. பிள்ளை இல்லை.

ஃபைலில் தாமரை தனிப் படம், பிள்ளை தனிப் படம். தாமரையை எடுத்தவன், அதில் உட்கார்ந்திருந்த பிள்ளையை எடுக்கவில்லை. சண்டைக்கு வராத முகம் அது ஒன்றுதான். ஊர் முழுக்க மீசைக்கும் தலைக்கும் நூல் பிடித்த மடையன்கள் என்று சிரித்தவன், நூலோடு அலைந்ததில் விழாவுக்குரியவளையே மறந்துவிட்டான்.

தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, எந்த பஸ் முதலில் கிளம்பும் என்று யோசித்தான். உள்ளே மருதுவின் மடியில் காவ்யஸ்ரீ வீறிட்டாள். காது குத்தியாகிவிட்டது. பந்தி ஆரம்பித்துவிட்டது. பேனரைப் பார்க்காத ஆளில்லை. ஒருவர்கூடப் பிள்ளையைத் தேடவில்லை. வெள்ளைத்துரை தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, கறி வைக்கச் சொல்லி இலைக்கு முன்னால் உட்காரவைத்தார்.

அப்போதுதான் சின்னத்தாய் நேரே அவனிடம் வந்தாள். தொண்டையில் எலும்பு நின்றது.

"அண்ணே, பேனரப் பாத்தேன்," என்றாள் தணிந்த குரலில். "பிள்ள படத்தப் போடாம விட்டீகளே, நல்ல காரியம் பண்ணினீக. ஊருக் கண்ணு பூராம் அதுமேலதான் விழுந்திருக்கும். எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு இது தோணுச்சா பாருங்க."

எலும்பு இறங்கியது. "அதுக்குத்தாம்மா," என்றான் கிரிதரன்.

கை கழுவ எழுந்தபோது மலையாண்டி வழிமறித்தார். தை மாதம் அவர் மகனுக்குக் காது குத்தாம்.

"இதே மாதிரி பண்ணிருங்கண்ணே. பிள்ளயப் போட்டா வீணா எடம் போகுது. அந்த எடத்துல நம்மாளு இன்னும் ரெண்டு பேர உக்கார வைக்கலாம்ல?"

கிரிதரன் சிரிக்கவில்லை. தை மாதம் அந்தப் பேனரில் தாமரையைக்கூட அவன் வைக்கவில்லை.